கல்லில் விரிந்த காலம்

நுழையும்முன்

உயிர்கள் எல்லாம் தொடக்கம் முதலே இன்றுள்ள வடிவில் இருந்தவை அல்ல. அவை நெடுங்காலமாக மாறிக்கொண்டே வந்துள்ளன. அம்மாற்றம் நிகழும் வழியை இயற்கைத் தேர்வு என்னும் கோட்பாட்டால் சார்லஸ் டார்வின் விளக்கினார். அக்கோட்பாடு உண்மையாக இருக்க வேண்டுமானால் உயிர்களுக்கும் மனிதருக்கும் மிக நீண்ட வரலாறு இருந்திருக்க வேண்டும். மனிதரின் அந்த நீண்ட வரலாற்றுக்கு இந்தியாவில் கிடைத்த தொடக்கச் சான்று ஒன்று, சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்தில் வெளிப்பட்டது. அதைக் கண்டறிந்த இராபர்ட் புரூஸ் ஃபூட்டின் வாழ்வையும் பணியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சரளைக்குழியில் ஒரு கல்

பீர்க்கன்கரணை ஏரியைக் கடந்து, பெருஞ்சாலை வழியே தாம்பரம், குரோம்பேட்டை எனச் சற்று வடக்கே சென்றால் பல்லாவரத்தை அடையலாம். பீர்க்கன்கரணையும் பல்லாவரமும் இன்று தாம்பரம் மாநகராட்சியின் பகுதிகள். இடைவெளியின்றி எழுந்த கட்டடங்களும் ஓயாத போக்குவரத்தும் நிறைந்த இப்பகுதி, நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பு குன்றுகளும் ஏரிகளும் செம்மண் மேடுகளுமாக இருந்தது. பல்லாவரத்தில் ஆங்கிலேயரின் படைமுகாம் இருந்தது. படையினர் பயிற்சி பெறும் திடலின் அருகே, சரளை எடுப்பதற்காகத் தோண்டப்பட்ட குழி ஒன்று திறந்து கிடந்தது.

1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் அக்குழியை ஃபூட் பார்வையிட்டார். கோடைவெயிலில் வெளிறிக் கிடந்த சரளைக்கிடையே ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. அது ஏனைய கற்களைப் போல உருண்டு தேய்ந்ததாக இல்லை. அதன் இருபுறமும் சில்லுகள் பெயர்க்கப்பட்டிருந்தன. விளிம்பு கூர்மையாக இருந்தது. யாரோ ஒருவர் ஒரு வேலைக்காகத் திட்டமிட்டுச் செதுக்கிய கருவி அது என்பதை அவர் உணர்ந்தார். அந்தக் கல் கிடந்த படிவோ, வரலாற்று நூல்கள் பேசும் எந்தக் காலத்தைவிடவும் பழமையானதாகத் தோன்றியது.

அந்தக் குழியின் வழியே எத்தனையோ பேர் நடந்திருப்பார்கள். சரளை அள்ளியவர்களின் கைகளில் அத்தகைய கற்கள் பலமுறை பட்டிருக்கவும் கூடும். ஃபூட்டுக்கு மட்டும் அக்கல் பேசியதற்குக் காரணம், அவர் பெற்றிருந்த பயிற்சியும், அக்காலத்தில் உலக அறிவியலில் எழுந்திருந்த ஒரு பெரும் வினாவும் ஆகும்.

நிலத்தைப் படித்த இளைஞர்

இராபர்ட் புரூஸ் ஃபூட், இங்கிலாந்து நாட்டின் செல்டன்ஹாம் நகரில் 1834-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் பிறந்தார். தமது இருபத்து நான்காம் வயதில், 1858-ஆம் ஆண்டு செப்டம்பரில், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்தார். 1851-இல் தொடங்கப்பட்ட அத்துறைக்கு அப்போது தாமஸ் ஓல்டாம் தலைமை வகித்தார். நாட்டின் பாறைகளையும் கனிமங்களையும் கண்டறிந்து வரைபடமாக்குவது அத்துறையின் பணி. ஃபூட் சென்னை மாகாணத்திற்கு அனுப்பப்பட்டார்.

நிலவியலாளரின் வாழ்க்கை எளிதானதன்று. சாலைகள் குறைவாக இருந்த காலம் அது. குதிரை மீதும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று, கூடாரமிட்டுத் தங்கி, ஓடைக்கரைகளிலும் கிணற்றுச் சுவர்களிலும் தெரியும் மண் அடுக்குகளைப் பார்த்து எழுத வேண்டும். அடுக்குகளைப் படிப்பதற்கு ஒரு விதி உண்டு. இடம்பெயராமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த அடுக்குகளில் கீழே இருப்பது முந்தியது. மேலே இருப்பது பிந்தியது. ஆகவே, நிலத்தைச் செங்குத்தாக வெட்டிப் பார்ப்பது காலத்தின் பக்கங்களைப் புரட்டுவதற்கு ஒப்பாகும். இந்தப் பழக்கமே பல்லாவரத்துக் கல்லை அவருக்கு அடையாளம் காட்டியது. கல் எத்தகையது என்பதோடு அது எந்த அடுக்கில் கிடந்தது என்பதையும் சேர்த்தே அவர் பார்த்தார்.

சென்னையில் ஃபூட்டுக்கு அமைந்த உறவும் குறிப்பிடத்தக்கது. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் தமிழறிஞர். யாழ்ப்பாணத்தில் பணியாற்றியபோது ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் ஈடுபட்டவர். பின்னர்ச் சென்னைக்கு வந்து தினவர்த்தமானி என்னும் இதழை நடத்தியவர். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர். மாமனார் மக்களின் நாவில் வழங்கிய பழமையைத் தொகுத்தார்; மருமகன் மண்ணில் புதைந்த பழமையைத் தொகுத்தார்.

தெரிந்து தெளிவோம்

பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிகளில் காணப்படும் கருமையான கடும்பாறைக்குச் சார்னோகைட் என்பது பெயர். கொல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக்கல் இவ்வகைப் பாறையால் ஆனது. நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அதனை ஒட்டி இப்பெயரைச் சூட்டினார். இப்பாறைகளின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். பரங்கிமலையில் உள்ள இப்பாறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ளது.

உலகை உலுக்கிய கோட்பாடு

ஃபூட் பணியில் சேர்ந்த அதே 1858-ஆம் ஆண்டின் ஜூலை முதல் நாள், இலண்டனில் லின்னேயன் கழகத்தின் கூட்டத்தில் சார்லஸ் டார்வின், ஆல்ஃபிரட் இரஸ்ஸல் வாலஸ் ஆகிய இருவரின் கட்டுரைகள் படிக்கப்பட்டன. டார்வின் 1831 முதல் 1836 வரை பீகிள் என்னும் கப்பலில் உலகைச் சுற்றி வந்தவர். வாலஸ் மலாய்த் தீவுக்கூட்டத்தில் உயிரினங்களைத் தொகுத்துக்கொண்டிருந்தவர். இருவரும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்திருந்தனர். மறு ஆண்டு, 1859 நவம்பர் 24-ஆம் நாள், உயிரினங்களின் தோற்றம் குறித்த டார்வினின் நூல் வெளியாயிற்று.

அவர்கள் கண்ட உண்மையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்தபின், ஏரியோரக் குட்டை ஒன்றில் தவளைகள் ஆயிரக்கணக்கில் முட்டையிடுவதாகக் கொள்வோம். அவற்றிலிருந்து வரும் தலைப்பிரட்டைகள் அனைத்தும் தவளைகளாக வளர்வதில்லை. இரைக்கும் இடத்திற்கும் போட்டி உண்டு. மீனும் பறவையும் அவற்றைத் தின்னும். இது முதல் உண்மை: பிறப்பவை பல; பிழைப்பவை சில.

அத்தலைப்பிரட்டைகள் ஒன்றைப் போல மற்றொன்று இருப்பதில்லை. சில விரைந்து வளரும். சில மெல்ல வளரும். இது இரண்டாம் உண்மை: ஓர் இனத்திற்குள்ளேயே மாறுபாடுகள் உண்டு. இம்மாறுபாடுகளுள் பல, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்கின்றன. இது மூன்றாம் உண்மை.

இப்போது அக்குட்டை விரைவில் வற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். விரைந்து வளர்ந்தவை கால் முளைத்துக் கரையேறும். மெல்ல வளர்பவை மடியும். கரையேறியவையே அடுத்த மழைக்கு முட்டையிடும். அவற்றின் வழித்தோன்றல்களில் விரைந்து வளரும் இயல்பு மிகுதியாகக் காணப்படும். தலைமுறைகள் பல கடக்கும்போது அந்த இனத்தின் இயல்பே மாறிவிடும். இங்கே எவரும் அமர்ந்து தேர்ந்தெடுக்கவில்லை. சூழலே தேர்வு செய்கிறது. ஆகவேதான் இது இயற்கைத் தேர்வு எனப்பட்டது. உழவர் நல்ல கதிர்களைத் தெரிந்து விதைக்கு எடுத்து வைப்பதையும், ஆயர் நல்ல காளையைப் பொலிகாளையாக விடுவதையும் நாம் அறிவோம். மனிதர் நோக்கத்தோடு செய்யும் அதனை, இயற்கை நோக்கமின்றியே செய்கிறது.

தெரிந்து தெளிவோம்

இயற்கைத் தேர்வு குறித்துச் சில தவறான கருத்துகள் வழங்குகின்றன.
• தனி உயிர் ஒன்று தன் வாழ்நாளில் பரிணமிப்பதில்லை. தலைமுறைகள் தோறும் உயிர்க்கூட்டமே மாறுகிறது.
• இன்றைய குரங்கிலிருந்து மனிதர் தோன்றவில்லை. மனிதருக்கும் மனிதக் குரங்குகளுக்கும் பொதுவான மூதாதை இனம் ஒன்று முற்காலத்தில் இருந்தது.
• வலியதே வாழும் என்பது இதன் பொருளன்று. சூழலுக்குப் பொருந்தி மிகுதியான வழித்தோன்றல்களை விட்டுச்செல்வதே நிலைக்கும்.

காலம் என்னும் வினா

டார்வினின் விளக்கத்தில் ஒரு தேவை அடங்கியிருந்தது. சிறுசிறு மாற்றங்கள் சேர்ந்து புதிய இனங்கள் உருவாக வேண்டுமானால், அளவற்ற காலம் வேண்டும். பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுகளே என்று ஐரோப்பியரில் பலர் அன்று நம்பினர். நிலவியலாளர்கள் அதனை ஏற்கவில்லை. எனினும் 1862-இல் இயற்பியல் அறிஞர் வில்லியம் தாம்சன், பூமி குளிர்ந்த வேகத்தைக் கணக்கிட்டு, அதன் வயது 2 கோடி ஆண்டுகளுக்கும் 40 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்டது என்றார். டார்வினுக்கு அக்கணக்கு பெருங்கவலையைத் தந்தது.

மனிதரைப் பற்றிய வினா இன்னும் கூர்மையானது. 1859-ஆம் ஆண்டு நூலில் டார்வின் மனிதரைப் பற்றி ஏறத்தாழ எதுவும் எழுதவில்லை. மனிதரும் இயற்கையின் நெடும் மாற்றத்தால் தோன்றியவர் எனின், அவர்கள் வரலாற்றுக்கு முன்பே பன்னெடுங்காலம் வாழ்ந்திருக்க வேண்டும். அதற்குச் சான்று எங்கே என்பதே அன்றைய வினா.

அச்சான்று பிரான்சு நாட்டின் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிடைத்தது. அங்கே பூஷே தெ பெர்த் என்பவர், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகள் கிடந்த அடுக்குகளிலேயே செதுக்கப்பட்ட கற்கருவிகளும் கிடப்பதாக நெடுங்காலம் கூறிவந்தார். அறிஞர்கள் அதை நம்பவில்லை. இந்தியாவின் சிவாலிக் மலையில் புதைபடிவங்களை ஆராய்ந்து புகழ்பெற்ற ஹியூ ஃபால்கனர், 1858-இல் அங்குச் சென்று பார்த்து, பிறரையும் சென்று காணுமாறு தூண்டினார். அதன்படி 1859-இல் ஜோசஃப் பிரெஸ்ட்விச், ஜான் எவன்ஸ் ஆகியோர் நேரில் ஆராய்ந்து அது உண்மையே என உறுதி செய்தனர். யானையின் பழைய இனங்களும் காண்டாமிருகங்களும் ஐரோப்பாவில் உலவிய காலத்தில் மனிதரும் அங்கு வாழ்ந்திருந்தனர் என்பது நிலைநாட்டப்பட்டது.

இச்செய்திகளைச் சென்னை மாகாணத்திலிருந்த ஃபூட் ஆர்வத்தோடு படித்தார். ஐரோப்பாவில் கிடைத்தவை இந்தியாவிலும் ஏன் கிடைக்கக் கூடாது என்னும் எண்ணத்தோடு செம்மண் படிவுகளைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கினார். அந்தத் தேடலின் பயனே பல்லாவரத்துக் கல்.

ஐயமும் சான்றும்

ஒரு கல்லைக் கண்டெடுப்பது வேறு. அது சான்றாகும் என நிறுவுவது வேறு. ஃபூட்டின் முன் இரண்டு ஐயங்கள் நின்றன. வெள்ளத்தில் உருண்டு மோதிய கல்லும் உடையக்கூடும். அப்படியானால் இது மனிதர் செதுக்கியது என்பதற்கு என்ன உறுதி? தோண்டிக் கொட்டிய சரளையில் கிடந்த கல், பிற்காலத்தில் வேறெங்கிருந்தோ வந்து கலந்ததாகவும் இருக்கலாமே? முதல் ஐயம் கல்லின் வடிவைப் பற்றியது. இரண்டாவது அது கிடந்த இடத்தைப் பற்றியது.

முதல் ஐயத்தைக் கல்லே தீர்த்தது. இயற்கையாக உடையும் கல்லில் உடைப்புகள் தாறுமாறாக அமையும். கைக்கோடரியில் சில்லுகள் இரு முகங்களிலும் முறையாகப் பெயர்க்கப்பட்டிருக்கும். ஒரு முனை கையில் பிடிப்பதற்கு ஏற்ப அகன்றும் மறுமுனை கூர்ந்தும் இருக்கும். அதே வடிவம் ஊர் ஊராக மீண்டும் மீண்டும் கிடைக்குமானால், அதனைத் தற்செயல் என்று தள்ள இயலாது.

இரண்டாம் ஐயத்தைத் தீர்க்க மேலும் தேட வேண்டியிருந்தது. ஃபூட் தம்முடன் பணியாற்றிய வில்லியம் கிங்கோடு சென்னைக்கு வடமேற்கே, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் கொசஸ்தலையாற்றுப் பகுதிக்குச் சென்றார். 1863 செப்டம்பர் 28-ஆம் நாள் அத்திரம்பாக்கத்தில், ஓடை அரித்த கரைகளில், குவார்ட்சைட் கல்லால் செய்த கைக்கோடரிகளும் பிளக்கும் கருவிகளும் ஏராளமாகக் கிடைத்தன. இங்கே கருவிகளை உரிய அடுக்கோடு சேர்த்துக் காண முடிந்தது. தனித்த ஒரு கல்லாக இருந்த செய்தி, ஒரு பெரும் பண்பாட்டின் தடமாக விரிந்தது.

தொடர்ந்து அப்பகுதியின் பல ஊர்களில் ஃபூட் ஆராய்ந்தார். சென்னை, வடஆர்க்காட்டுப் பகுதிகளின் செம்புறாங்கல் படிவுகளில் கிடைத்த கற்கருவிகள் பற்றி விரிவான கட்டுரை எழுதி, 1866-இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஆய்விதழில் வெளியிட்டார். எந்த ஊர், எந்தப் படிவு, என்ன கல், எத்தகைய கருவி எனத் துல்லியமாகக் குறித்து வைத்தார். அக்குறிப்புகளைக் கொண்டே பின்வந்த ஆய்வாளர்கள் அதே இடங்களைத் தேடிச் செல்ல முடிந்தது. தமிழகத்தில் வாழ்ந்த தொல்மாந்தரின் வரலாறு இவ்வாறு எழுதத் தொடங்கப்பட்டது.

புதைந்த உயிர்கள்

கற்கருவிகளோடு ஃபூட்டின் பணி நின்றுவிடவில்லை. பெல்காம் மாவட்டத்தின் கோகாக் அருகே கிடைத்த காண்டாமிருகப் புதைபடிவத்தை ஆராய்ந்து, அது அழிந்துபோன தனி இனம் என 1874-இல் விளக்கினார். தக்காணத்தில் இன்று காண்டாமிருகம் எதுவும் இயற்கையாக வாழவில்லை. முன்பு வாழ்ந்த இனம், இன்று வாழும் காண்டாமிருகங்களை ஒத்திருந்தும் அவற்றினின்று வேறுபட்டிருந்தது. ஒத்தும் வேறுபட்டும் இருக்கும் இத்தகைய உறவுகளே, உயிரினங்கள் பொது மூதாதையிலிருந்து கிளைத்தவை என்னும் கருத்துக்கு அடிப்படை.

1880-களில் கர்நூல் பகுதியின் பில்லா சுர்க்கம் குகைகள் ஆராயப்பட்டன. அப்பணியில் ஃபூட்டின் மகன் ஹென்றி புரூஸ் ஃபூட்டும் ஈடுபட்டார். குகை மண்ணிலிருந்து ஏராளமான விலங்கெலும்புகள் கிடைத்தன. அவற்றுள் இன்றும் வாழும் விலங்குகளோடு, மறைந்துபோன காண்டாமிருக இனம் ஒன்றும் அடையாளம் காணப்பட்டது.

புதைபடிவங்கள் பரிணாமத்திற்குரிய சான்றுகளுள் ஒருவகை மட்டுமே. உடலமைப்பு மற்றொரு வகை. மனிதரின் கை, வௌவாலின் சிறகு, திமிங்கிலத்தின் துடுப்பு ஆகியவை செய்யும் வேலைகள் வெவ்வேறு. ஆயினும் அவற்றின் உள்ளே ஒரே வரிசையில் அமைந்த எலும்புகளே உள்ளன. பொதுவான மூதாதையிடமிருந்து பெற்ற உறுப்பு, வெவ்வேறு வாழ்க்கைக்கு ஏற்ப மாறியது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். திமிங்கிலத்தின் மூதாதையர் நிலத்தில் வாழ்ந்தவர்கள் என்பதற்குப் புதைபடிவங்களும் துணை நிற்கின்றன. ஜம்மு-காஷ்மீரின் காலாகோட் பகுதிப் பாறைகளில் கிடைத்த இந்தோஹையஸ் என்னும் சிறிய குளம்புள்ள விலங்கு, ஏறத்தாழ 4 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அதன் காதெலும்பின் அமைப்பு, திமிங்கிலங்களின் நெருங்கிய உறவு அது எனக் காட்டுகிறது.

உயிர்கள் எங்கெங்குப் பரவியுள்ளன என்பதும் சான்றாகும். கலபகஸ் தீவுகளில் வாழும் பறவைகள், அவற்றுக்கு அண்மையிலுள்ள தென்னமெரிக்கப் பறவைகளையே ஒத்திருப்பதை டார்வின் கண்டார். டார்வின் அறியாத சான்றுகளும் பின்னர்ச் சேர்ந்தன. பண்புகள் தலைமுறைக்குத் தலைமுறை செல்லும் முறையை மெண்டலின் ஆய்வுகள் விளக்கின. அனைத்து உயிர்களின் மரபுச்செய்தியும் ஒரே வகையான வேதிமொழியில் எழுதப்பட்டிருப்பது இருபதாம் நூற்றாண்டில் தெரியவந்தது. இயற்கைத் தேர்வை இன்று கண்முன்னேயும் காண முடிகிறது. பூச்சிக்கொல்லிக்கு மடியாத கொசுக்களும், மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களும் பெருகுவது அதனால்தான். மருத்துவர் கூறிய அளவுக்கும் நாளுக்கும் மாறாக நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைப் பயன்படுத்துவதன் ஆபத்தும் இதில் அடங்கியுள்ளது.

பிழையும் திருத்தமும்

ஃபூட்டின் முடிவுகள் அனைத்தும் சரியானவை அல்ல. கருவிகள் புதைந்திருந்த கடற்கரைச் சமவெளியின் செம்புறாங்கல் படிவுகள், கடலடியில் உருவானவை என அவர் கருதினார். பிற்கால ஆய்வுகள் அக்கருத்தை ஏற்கவில்லை. அவை நிலப்பரப்பிலேயே மழையாலும் ஆறுகளாலும் உருவானவை எனக் கண்டன. பழைய கற்காலத்துக்கும் புதிய கற்காலத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி ஒன்று இருந்ததாகவும் அவர் எண்ணினார். பின்னர்க் கிடைத்த நுண்கற்கருவிகள் அவ்விடைவெளியை நிரப்பின.

ஆனால், அவருடைய பிழைகளைத் திருத்துவதற்கு அவருடைய குறிப்புகளே உதவின. தாம் கண்டதையும் தாம் கருதியதையும் அவர் பிரித்தே எழுதினார். கருத்து மாறியபோதும் காட்சி நிலைத்தது. பெல்லாரிப் பகுதியின் சாம்பல் மேடுகள் புதிய கற்கால மக்களுக்குரியவை; மாட்டுச்சாணம் எரிந்ததால் உருவானவை என்று அவர் கூறிய முடிவு, பிற்கால அகழாய்வுகளால் உறுதிபெற்றது. சான்று கிடைக்கும்போது ஏற்பதும், சான்று மாறும்போது திருத்துவதுமே அறிவியலின் இயல்பு.

ஏற்காட்டில் இறுதிக்காலம்

முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றி, 1891-இல் ஃபூட் நிலவியல் துறையிலிருந்து ஓய்வு பெற்றார். அதன்பின் பரோடா அரசுக்கும், தொடர்ந்து மைசூர் அரசுக்கும் நிலவியல் பணிகளைச் செய்தார். சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டில் தங்கி, தமது சேகரிப்பை ஒழுங்குபடுத்தினார். தென்னிந்தியா முழுவதும், மேற்கு இந்தியாவின் சில பகுதிகளிலும் நானூறுக்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து திரட்டிய கற்கருவிகளும் மட்கலங்களும் அதில் இருந்தன. 1904-இல் அச்சேகரிப்பு சென்னை அரசு அருங்காட்சியகத்தை அடைந்தது. எழும்பூரில் உள்ள அவ்வருங்காட்சியகத்தில் அது இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

முதுமையிலும் அப்பொருள்களுக்கு விளக்கப் பட்டியல் எழுதுவதில் அவர் முனைந்திருந்தார். 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் கொல்கத்தாவில் மறைந்தார். அவர் உழைத்து எழுதிய பட்டியல், 1914-லும் 1916-லும் இரு பகுதிகளாக வெளிவந்தது. அச்சேறிய தம் நூலைக் காண அவருக்கு வாய்க்கவில்லை.

அவர் அறியாத எண்

ஃபூட்டின் வாழ்நாளில் ஒரு வினா விடையின்றி நின்றது. அக்கருவிகள் மிகப் பழமையானவை என்பதை அவர் அறிவார். எத்தனை ஆண்டுப் பழமை என்பதைக் கணக்கிடும் வழி அன்று இல்லை.

அதற்கான விடை அத்திரம்பாக்கத்திலேயே கிடைத்தது. 1999 முதல் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் அங்கே அகழாய்வு நடத்தினர். விண்ணிலிருந்து வரும் கதிர்கள், நிலத்தின்மேல் கிடக்கும் கல்லில் அலுமினியம், பெரிலியம் ஆகியவற்றின் கதிரியக்க அணுக்களை மிகச் சிறிதளவு உண்டாக்குகின்றன. கல் ஆழமாகப் புதைந்ததும் அவை உருவாவது நின்று, சிதைவது தொடர்கிறது. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சிதைவதால், எஞ்சியுள்ள அளவுகளை ஒப்பிட்டுக் கல் புதைந்த காலத்தைக் கணக்கிடலாம். இம்முறையாலும், மண்ணில் பதிந்த பழைய காந்தத் திசையைக் கொண்டும் ஆராய்ந்தபோது, அங்குள்ள பழைய கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை எனத் தெரிந்தது. இம்முடிவு 2011-இல் வெளியிடப்பட்டது. அதே இடத்தில், ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே புதிய நுட்பத்தோடு சிறிய கருவிகளைச் செய்யத் தொடங்கிவிட்டனர் என 2018-இல் மற்றோர் ஆய்வு காட்டியது.

பூமியின் வயதைக் குறைத்துக் கணித்த வில்லியம் தாம்சனின் கணக்கும் இதற்குள் திருத்தப்பட்டுவிட்டது. பாறைகளின் கதிரியக்கச் சிதைவைக் கொண்டு கணக்கிட்டு, பூமியின் வயது ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள் என அறிஞர்கள் கண்டனர். டார்வின் வேண்டிய காலம் கிடைத்தது.

நம்மைப் போன்ற இன்றைய மனித இனத்தின் மிகப் பழைய எலும்புகள் ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகளுக்கு உட்பட்டவை. அப்படியானால், 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அத்திரம்பாக்கத்தில் கல்லைச் செதுக்கியவர்கள் நமக்கு முந்திய வேறொரு மனித இனத்தவர். நிமிர்ந்து நடந்ததால் விடுபட்ட கைகளும், கல்லுக்குள் கருவியைக் காணும் அளவுக்கு வளர்ந்த மூளையும் அவர்களுக்கு இருந்தன. அவர்களின் எலும்புகள் அங்கே இதுவரை கிடைக்கவில்லை. தொல்மனித எலும்புகள் இந்தியாவில் மிக அரிதாகவே கிடைத்துள்ளன. ஃபூட் பணியாற்றிய அதே நிலவியல் துறையைச் சேர்ந்த அருண் சோனக்கியா, 1982-இல் நர்மதை ஆற்றங்கரையின் ஹத்னோராவில் கண்டெடுத்த மண்டையோட்டுப் பகுதி அவற்றுள் முதன்மையானது.

கைக்கோடரி ஒரு கருவி; அது தானாகப் பரிணமிப்பதில்லை. எனினும் அதைப் பிடித்த கையும், அதை வடிவமைத்த மூளையும் இயற்கைத் தேர்வால் உருவானவை. எலும்பு கிடைக்காத இடத்தில், அக்கை இருந்ததற்குக் கல் சாட்சி சொல்கிறது.

சாட்சி சொல்லும் மண் குறைந்துகொண்டே வருகிறது. பல்லாவரத்துக் குன்றுகள் பல கல்லுடைப்புக்கு இரையாயின. செம்மண் மேடுகள் மீது கட்டடங்கள் எழுந்தன. ஃபூட் இறங்கிப் பார்த்த சரளைக்குழியை இன்று தேடிக் காண்பது அரிது. அவர் அன்று அங்கே நிற்காமல் கடந்து போயிருந்தால், அந்தச் சரளை சாலையில் பரவி அழுந்தியிருக்கும். பீர்க்கன்கரணையிலும் தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போது வெளிவரும் செஞ்சரளை, இலட்சக்கணக்கான ஆண்டுகளின் பதிவைத் தாங்கியதாக இருக்கலாம். அதைப் படிக்கத் தெரிந்த கண்களே ஃபூட் விட்டுச்சென்ற செல்வம்.

கற்பவை கற்றபின்

1. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திற்கோ பூண்டியிலுள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகத்திற்கோ சென்று, கற்கருவிகளைப் பார்த்து அவற்றின் வடிவத்தையும் பயனையும் விளக்கிக் குறிப்பு எழுதுக.

2. உங்கள் ஊரில் கிணறு, ஓடைக்கரை அல்லது கட்டடப் பணிக்காகத் தோண்டிய குழியில் தெரியும் மண் அடுக்குகளைப் பாதுகாப்பான தொலைவிலிருந்து பார்த்துப் படம் வரைந்து, எது முந்தியது, எது பிந்தியது எனக் குறிப்பிடுக.

3. இயற்கைத் தேர்வின் மூன்று அடிப்படை உண்மைகளை, பாடத்தில் இல்லாத வேறோர் எடுத்துக்காட்டின் வழி விளக்கி வகுப்பறையில் உரையாற்றுக.

4. பிழையான முடிவுகளைக் கொண்டிருந்தும் ஓர் ஆய்வாளரின் குறிப்புகள் பயனுடையனவாக இருத்தல் எவ்வாறு இயலும்? ஃபூட்டின் பணியைச் சான்றாகக் காட்டிக் கலந்துரையாடுக.